ட்ரெய்லருக்கு பிரேக் வைத்த வாரம்

வலது தோள்பட்டை எரிந்தது. சரளைக்கல்லின் மேல் மல்லாந்து படுத்து, கையைத் தலைக்கு மேல் தூக்கி, விரல் நுழையாத ஒரு துவாரத்துக்குள் வளைந்த கம்பியை விட்டு நெம்பிக்கொண்டே இருந்தால் யாருக்கும் எரியும். என் தோள் மர அறுவை மில்லில் ஈரப் பலகை இழுத்த காலத்திலேயே பாதி போய்விட்டது. மீதிப் பாதியை அந்த வியாழக்கிழமை ட்ரெய்லருக்கு அடியில் விட்டுக்கொண்டிருந்தேன். முதுகில் ஒரு கல் வேறு குத்தியது. புரண்டு படுத்தால் இன்னொரு கல்.

"சுத்தட்டுமா?" என்றாள் லவான். என் மனைவி. ஜாக்கி போட்டுத் தூக்கிய சக்கரத்துக்குப் பக்கத்தில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய ரப்பர் பூட்ஸ் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

"சுத்து."

சக்கரம் சுற்றியது. ஓசையே இல்லை.

"வழுக்கிக்கிட்டு போகுது."

உள்ளே இருக்கும் பல்சக்கரத்தைக் கம்பியால் நாலைந்து பல் தள்ளினேன். பல்சக்கரம் திரும்பத் திரும்ப பிரேக் ஷூ இரண்டும் விரிந்து, சக்கரத்தோடு சுற்றும் டிரம்மை நெருங்கும். "இப்ப?"

"லேசா உரசுது. பூனை சோபாவைப் பிறாண்டுற மாதிரி."

"இன்னும் ரெண்டு பல்லு."

"இப்ப சுத்தவே மாட்டேங்குது, ஆர்விட். பூட்டிக்கிச்சு."

"அப்படித்தான் பூட்டணும். பூட்டினதுக்கு அப்புறம் கொஞ்சம் பின்னால விடணும்." பின்னால் விட்டேன். அவள் சுற்றினாள். ஒரே சீராக, மெலிதாக உரசிக்கொண்டு ஒரு சுற்று சுற்றி நின்றது. அந்த ஓசையை நான் தரையில் படுத்தபடி கேட்டேன். நல்ல ஓசை. தோள் எரிச்சலை ஒரு நிமிஷம் மறக்க வைக்கிற அளவுக்கு நல்ல ஓசை.

"இதுதானா?"

"இதேதான்."

"இதுக்கா காலைலேருந்து கெட்ட வார்த்தை பேசினே?"

எங்கள் ட்ரெய்லரில் அதுவரை பிரேக்கே கிடையாது. என் அப்பா காலத்து ட்ரெய்லர். விறகு, வேலிக்கால், ஒரு தடவை செத்த குதிரை, எல்லாம் அதில் ஏறியிருக்கிறது. இழுக்கிற பிக்கப் வண்டியின் பிரேக் போதும் என்று ஓட்டிக்கொண்டிருந்தோம். செப்டம்பர் கடைசியில் முழு லோடு டாமரக் மர விறகோடு ஹேட்சர் மலை இறக்கத்தில் வந்தபோது போதவில்லை. மண்சாலை நெடுஞ்சாலையைத் தொடுகிற இடத்தில் நில் பலகை இருக்கிறது. நான் பிரேக்கை முழுசாக மிதித்தேன். பின்னாலிருந்த விறகு எங்களைத் தள்ளிக்கொண்டே போயிற்று. பலகையைத் தாண்டி, நெடுஞ்சாலையின் முழு அகலத்தையும் தாண்டி, எதிர்ப்பக்கத்துப் பள்ளத்தில் மூக்கை வைத்துத்தான் நின்றோம். மரம் ஏற்றிய லாரி ஒன்று அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அந்த இடத்தைக் கடந்திருந்தது. அது கிளப்பிய காற்று இன்னும் புல்லை ஆட்டிக்கொண்டிருந்தது.

லவான் மடியில் காப்பி கொட்டியிருந்தது. வீடு வந்ததும் இறங்கிக் கதவைச் சாத்தினாள். அடித்துச் சாத்தவில்லை, மெதுவாகச் சாத்தினாள். "பிரேக் இல்லாத ட்ரெய்லரோட நான் இனிமே அந்த மலையேற மாட்டேன்" என்றாள். அவ்வளவுதான்.

அவள் வராவிட்டால் எனக்கு விறகு இல்லை. இந்தத் தோளை வைத்துக்கொண்டு நான் தனியாக ஒரு லோடு ஏற்ற முடியாது. மேலே, காட்டுச் சாலை ஓரத்தில், நாங்கள் வெட்டிப் பிளந்து அடுக்கிய மூன்று லோடு கிடந்தது. காட்டிலாகாக்காரர்கள் அந்த ஞாயிறு சாயங்காலம் சாலைக் கேட்டை மூடிச் சங்கிலி போட்டுவிடுவார்கள். பிறகு பனி. வசந்தத்தில் போய்ப் பார்த்தால் மரத்தூள்தான் மிஞ்சியிருக்கும், எங்கள் ஊர்க்காரர்களை எனக்குத் தெரியும். வீட்டில் இருப்பது விறகு அடுப்பு ஒன்றுதான். மூன்று லோடு இல்லையென்றால் ஜனவரியில் கோட்டைப் போட்டுக்கொண்டு படுக்க வேண்டியதுதான்.

அதனால் கவிழ்ந்து நசுங்கிய கேம்பர் வண்டி ஒன்றிலிருந்து பிரேக்கோடு ஒரு அச்சை வாங்கி வந்தேன். மின்சார பிரேக். ஒவ்வொரு டிரம்முக்குள்ளும் ஒரு காந்தம் இருக்கும். டிரைவர் பிரேக்கை மிதித்தால் வயர் வழியாகக் கரண்டு போகும், காந்தம் டிரம்மில் போய் ஒட்டும், அந்த இழுப்பில் ஷூ விரிந்து சக்கரத்தைப் பிடிக்கும். கேட்க சுலபம். துருவைச் சுரண்டினேன், புது ஷூ போட்டேன், வயர் இழுத்தேன், டாஷ்போர்டுக்கு அடியில் கன்ட்ரோலர் பெட்டியைப் பூட்டினேன். ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் அமுக்கிப் பார்க்க அதில் சின்னதாக ஒரு நெம்பி உண்டு, எவ்வளவு கரண்டு போகவேண்டும் என்று வைக்க ஒரு திருகு உண்டு. எல்லாம் முடிந்த உற்சாகத்தில் கொட்டகையில் மிஞ்சிக் கிடந்த டிராக்டர் பெயிண்டை எடுத்து ட்ரெய்லர் சட்டம் முழுக்கப் பச்சை அடித்தேன். பெயிண்ட் காய்ந்த பிறகு பிளக்கிலிருந்து வருகிற, கரண்டு திரும்பிப் போவதற்கான எர்த் வயரை அழகாகச் சட்டத்தில் போல்ட் போட்டு முடுக்கினேன். என் கண்ணுக்குக் கடையில் வாங்கிய புது ட்ரெய்லர் மாதிரி இருந்தது.

அந்த வியாழக்கிழமை இரண்டு சக்கரத்தையும் சரிசெய்து முடித்து, பிக்கப்பின் பின்னால் மாட்டி, வாசலிலேயே ஒரு வட்டம் அடித்தேன். நெம்பியை அமுக்கினேன். ட்ரெய்லர் சக்கரம் நின்றது. இன்னொரு வட்டம், மறுபடியும் நின்றது. ஜன்னலை இறக்கிக் கையாட்டினேன். லவான் பதிலுக்கு ஆட்டவில்லை. "ரோட்ல பார்த்துட்டு வா" என்றாள்.

ரோட்டில் ஒன்றுமே நடக்கவில்லை. அமுக்கினேன், ட்ரெய்லர் ஏதோ சொந்தக்காரன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போவதுபோல் ஜாலியாகப் பின்னால் வந்தது. ஒரு குழியில் ஏறி இறங்கியபோது மட்டும் வெடுக்கென்று பிடித்து விட்டது. திரும்பி வந்து வாசலில் வட்டம் அடித்தால் அருமையாகப் பிடித்தது. மறுபடி ரோடு, ஒன்றுமில்லை.

சாயங்காலம் வரை வயரைத் தடவிக்கொண்டிருந்தேன். நான் டிரம்மைக் கழற்றப்போகிறேன் என்று சுத்தியலை எடுத்தபோது லவான் உள்ளே போய்ப் போன் செய்தாள். யாருக்கு என்று என்னிடம் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. வெள்ளிக்கிழமை காலை காப்பி ஆறுவதற்குள் டெல்மரின் வண்டி வந்து நின்றது.

டெல்மர் பக்கத்துப் பண்ணை. மில்லில் என்னோடு ஒரே ஷிப்ட். இடது கையில் இரண்டு விரல் இல்லை, அவை மில்லுக்குச் சொந்தம். இறங்கியதும் ட்ரெய்லரை ஒரு சுற்று சுற்றி வந்தான்.

"என்னடா இது, தவளை மாதிரி?"

"பெயிண்ட் மீதி இருந்துச்சு."

"மீதி இருந்தா உனக்கு அடிச்சிக்க வேண்டியதுதானே. லவானுக்கும் பார்க்கக் கொஞ்சம் நல்லா இருந்திருக்கும்."

"எனக்குப் பழசே பழகிடுச்சு, டெல்மர்" என்றாள் லவான், அவனுக்குக் காப்பி கொடுத்துக்கொண்டே. "நீ அந்த பிரேக்கைப் பாரு."

"வாசல்ல பிடிக்குது, ரோட்ல பிடிக்கலையா?"

"ஆமா."

"நேராப் போனா பிடிக்காது. வளைச்சா பிடிக்குது. அப்படித்தானே?"

அதை நான் யோசித்திருக்கவில்லை. வாசலில் நான் ஓட்டியதெல்லாம் வட்டம்தான். "அப்படித்தான்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறானாம். டேய், மான் வேட்டைக்கு எடுத்துட்டுப் போவியே, திசை காட்டுற கருவி, அது இருக்கா?"

"பிரேக்குக்கும் அதுக்கும் என்னடா சம்பந்தம்?"

"இருக்கா இல்லையா?"

கொண்டுவந்து கொடுத்தேன். பிக்கப்பையும் ட்ரெய்லரையும் நேர்கோட்டில் நிறுத்தச் சொன்னான். சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி, கருவியை டிரம்மின் பின்பக்கத்தை மூடும் தட்டின் மேல் ஒட்டினாற்போல் பிடித்துக்கொண்டான். "அமுக்கு. காந்தம் வேலை செஞ்சா ஊசி திரும்பும்."

அமுக்கினேன்.

"ஊசி தூங்குது. லேசாப் புரண்டு படுக்குது, அவ்வளவுதான். லவான், அந்த ரெண்டு சங்கிலில ஒண்ணை எடுத்து முறுக்கி இழுத்துப் பிடிம்மா. நல்லா விறைப்பா."

ட்ரெய்லர் கழன்றால் பிடித்துக்கொள்ள இரண்டு பக்கமும் சங்கிலி மாட்டியிருக்கும். நேராக நிற்கும்போது இரண்டும் தொங்கும். லவான் ஒன்றை முறுக்கி இழுத்தாள். வண்டியின் பக்கக் கண்ணாடியில் டெல்மரின் தலை சட்டென்று நிமிர்ந்தது.

"இந்தா! சுத்துது பாரு! விடு. ஆங், தூங்கிட்டான். இழு. எழுந்துட்டான்!"

லவான் நாலு தடவை இழுத்து இழுத்து விட்டாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இவ்வளவுதானா? நான் பின்னாடி நடந்து வந்து சங்கிலியை இழுத்துப் பிடிச்சிக்கிட்டே இருந்தா இறக்கத்துல நிக்குமா?"

"உன் புருஷன் அப்படித்தான் வயர் போட்டு வெச்சிருக்கான்" என்றான் டெல்மர். பிறகு என்னிடம் வந்து, ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டான். "கரண்டு காந்தத்துக்குப் போயிடுது. திரும்பி வர வழியில்லை. எர்த் வயரை எங்க போட்டே?"

"சட்டத்துலதான். போல்ட் போட்டு."

"எதுக்கு மேல போல்ட்?"

நான் பச்சைச் சட்டத்தைத் திரும்பிப் பார்த்தேன். நானே இரண்டு கோட்டிங் அடித்தேன்.

"பெயிண்ட் மேல. சரி, அந்த வழி அடைச்சாச்சு. அப்போ பந்து வழியா வரணும்." ட்ரெய்லர் உட்கார்ந்திருக்கும் இரும்புப் பந்தை ஒரு விரலால் வழித்து அந்த விரலை என் மூக்குக்கு நேரே நீட்டினான். விரலில் கறுப்புக் கிரீஸ், கேக்குக்கு மேல் க்ரீம் வைத்த கனத்துக்கு. "இது என்ன?"

"பந்துக்குக் கிரீஸ் போடாம இருப்பாங்களா?"

எங்கள் பக்கத்தில் போடாமல் இருக்க மாட்டார்கள். என் அப்பா ஒவ்வொரு பயணத்துக்கு முன்னாலும் போடுவார், நானும் போடுகிறேன், டெல்மரும் போடுவான். அதே போல எங்கள் பக்கத்து ட்ரெய்லர் எதிலும் சரியான எர்த் வயர் இருந்ததில்லை. பின்விளக்கு பந்து வழியாகத்தான் எரியும். மங்கினால் இறங்கி ஒரு உதை விட்டால் எரியும். விளக்குக்குத் துளிக் கரண்டு போதும், கிரீஸ் ஊடே அது எப்படியோ கசிந்து வந்துவிடும். காந்தத்துக்குப் போதாது. வாசலில் வளைக்கும்போது ஒரு பக்கச் சங்கிலி விறைத்து, அதன் வழியாகக் கரண்டு வந்திருக்கிறது. குழியில் குதித்தபோதும் அதே சங்கிலிதான். நான் ஒரு சங்கிலியை நம்பி என் மனைவியை மலையிறக்கக் கூட்டிப் போக இருந்தேன்.

"சுரண்டு" என்றான் டெல்மர்.

போல்டைக் கழற்றி, அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்தேன். பச்சை போய், அதற்கடியில் அப்பா அடித்த சிவப்பு போய், துரு போய், இரும்பு வெள்ளையாக மின்னும் வரை தேய்த்தேன். காந்தங்களிலிருந்து திரும்பி வருகிற வயர்களை அச்சு இரும்பிலேயே முடித்துவிட்டிருந்தேன். அவற்றுக்கும் தனி வயர் இழுத்து அதே போல்டுக்குக் கொண்டுவந்தோம். டெல்மர் மறுபடி கருவியைப் பிடித்தான். நான் அமுக்கினேன். சங்கிலிகள் தொங்கிக்கொண்டிருந்தன. ஊசி பட்டென்று திரும்பி அப்படியே நின்றது. சக்கரத்துக்குள்ளிருந்து மெல்லிய முனகல் ஒன்றும் கேட்டது, பக்கத்து அறையில் யாரோ பாடுவதுபோல.

"அதுதான் பிரேக்" என்றான் டெல்மர். "முன்னாடி இருந்தது வேண்டுதல்."

மத்தியானம் பண்ணைச் சாலையில் ஓட்டிப் பார்த்தோம். லவான் ஏறவில்லை. டெல்மரோடு வேலி ஓரம் நின்று சக்கரத்தைப் பார்த்தாள். இருபத்தைந்து மைல் வேகத்தில் நெம்பியை அமுக்கினேன். சக்கரம் இரண்டும் கல்லாகிப் போய்ச் சரளையை உழுதுகொண்டு வந்தன. தூசி அடங்கியதும் டெல்மர் கத்தினான்: "திருகைக் குறைடா, உருளைக்கிழங்கா நடப்போறே?"

குறைத்தேன். திரும்ப ஓட்டினேன். இந்த முறை லவான் கையை உயர்த்தினாள். "உன் பக்கத்துச் சக்கரம் முதல்ல நிக்குது. இந்தப் பக்கம் சுத்திக்கிட்டே இருக்கு. கோடு பாரு, ஒண்ணுதான் இருக்கு."

அவள் சொன்னது சரி. சரளையில் ஒரே ஒரு இழுப்புக் கோடு. புது ஷூ இன்னும் படியவில்லை, படியப் படிய இடைவெளி கூடும், மறுபடி முடுக்கத்தான் வேண்டும் என்றான் டெல்மர். பத்துப் பன்னிரண்டு தடவை ஓட்டி அமுக்கி ஓட்டி அமுக்கி, ஷூ சூடாகிக் கருகின வாடை வரும் வரை படியவைத்தேன். பிறகு ஜாக்கியை எடுத்தேன். குனியும்போதே தோள் என்னைத் திட்டியது.

"தள்ளு" என்றாள் லவான்.

"என்ன?"

"தள்ளு. என் கை ஒல்லி. நேத்து முழுக்க நீ பண்றதைத்தானே பார்த்துக்கிட்டு இருந்தேன்."

கோட்டைக் கழற்றி வேலிக்கம்பத்தில் மாட்டிவிட்டு அடியில் புகுந்தாள். நான் வாளியில் உட்கார்ந்து சக்கரம் சுற்றினேன். டெல்மர் வண்டியில் சாய்ந்து சாசேஜ் தின்றுகொண்டு வேடிக்கை பார்த்தான்.

"சுத்து" என்றாள் உள்ளிருந்து. "ம்ஹும். சுத்து. ஏய், கல்லு குத்துதுய்யா! இதை நீ சொல்லவே இல்லை?"

"சொன்னா நீ படுக்க மாட்டே."

"சுத்து. ஆங், இது. இந்தச் சத்தம்தான். அந்தப் பக்கமும் இதே மாதிரிதானே இருந்துச்சு?"

அந்தப் பக்கத்தையும் சுற்றிக் கேட்டாள். ஒரு பல் கூட்டினாள். வெளியே வந்தபோது தலைமுடியெல்லாம் தூசி. கண்ணில் ஒரு மாதிரி திருப்தி. அடுத்த ஓட்டத்தில் சரளையில் கோடே விழவில்லை. கனத்த கை ஒன்று பின்னாலிருந்து சட்டையைப் பிடித்ததுபோல் வண்டி நின்றது.

"நாளைக்கு ஏறுவியா?" என்றேன்.

"மேலே போக ஏறுவேன். இறங்குறதை அங்கே பார்த்துக்கலாம்."

சனிக்கிழமை காலை உறைபனி. மேலே விறகு யாரும் தொடாமல் இருந்தது. லவான் எடுத்துக் கொடுக்க நான் ட்ரெய்லரில் அடுக்கினேன். டாமரக் விறகு காய்ந்தாலும் கனம், ஆனால் கையில் பிசின் வாசனை நாள் முழுக்க நிற்கும். முழு லோடு ஏற்றிக் கட்டினோம். விறகு எடுக்கக் காட்டிலாகா கொடுத்த பர்மிட் சீட்டைக் கட்டை ஒன்றில் ஆணியடித்தேன். லவான் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினாள். ரொட்டிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டாள், பிரிக்கவில்லை.

ஹேட்சர் இறக்கம் தொடங்கியது. இரண்டாவது கியரில் விட்டேன். பாதி வழியில், சாலை கூரை மாதிரி சாய்கிற இடத்தில், "நிறுத்து" என்றாள்.

"இங்கேயா?"

"இங்கேதான். காலை எடு. ட்ரெய்லர் பிரேக்கால மட்டும் நிறுத்து. உன் வண்டி பிரேக்கைத் தொடக்கூடாது."

பாதத்தை பிரேக்கிலிருந்து தூக்கி அவளுக்குத் தெரிகிற மாதிரி வண்டித் தரையில் வைத்தேன். நெம்பியை அமுக்கினேன். வண்டி முன்னால் ஒரு முறை தலையசைத்தது. வேகம் குறைந்தது. குறைந்தது. நின்றது. பிக்கப், விறகு, நாங்கள் இரண்டு பேர், காப்பி பிளாஸ்க், எல்லாவற்றையும் அந்தப் பச்சைத் தவளை பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு நின்றது. விறகு ஒன்றுகூட நகரவில்லை. ஜன்னலுக்கு வெளியே காக்கை ஒன்று கத்தியது.

லவான் பின்பக்கக் கண்ணாடியில் ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு பொட்டலத்தைப் பிரித்தாள். நேற்றைய இறைச்சி ரொட்டி, வெங்காயம் வைத்தது. பாதியைக் கடித்துக்கொண்டு மீதியை என்னிடம் நீட்டினாள்.

"போ" என்றாள் வாயில் ரொட்டியோடு. "என்ன பார்த்துக்கிட்டு இருக்கே?"

கீழே நில் பலகைக்கு ஒரு வண்டி நீளம் முன்னாலேயே நின்றுவிட்டேன். மர லாரி ஒன்று வந்தது, போனது. அதற்குப் பிறகு சாலை காலியாக இருந்தது. ஆனாலும் ரொட்டி முடியும் வரை அங்கேயே நின்றோம். பின்னால் யாரும் வரவில்லை. நிற்க முடிகிறது என்பதற்காகவே நின்றோம் என்றுதான் சொல்ல வேண்டும்.

அன்று இரண்டு லோடு, ஞாயிறு ஒன்று. கடைசி லோடோடு வரும்போது காட்டிலாகாப் பையன் கேட்டருகில் சங்கிலியோடு காத்திருந்தான். "உங்களுக்காகத்தான் நிக்கிறேன்" என்றான். லவான் அவனுக்கு ஹக்கிள்பெர்ரிப் பழம் வைத்துச் சுட்ட பை ஒரு துண்டு கொடுத்தாள். இறக்கத்தில் அவள் தூங்கிவிட்டாள். வாயைத் திறந்துகொண்டு, தலை கண்ணாடியில் முட்ட முட்ட. நான் அவளை எழுப்பவில்லை.

விறகை அடுக்கி முடித்த அன்று டெல்மர் வந்தான். எங்கள் பக்கத்தில் அக்கம்பக்கத்து வேலைக்குக் காசு வாங்குவதில்லை. அவனுக்கு ஒரு சின்ன அடுக்கு விறகு எடுத்து வைத்திருந்தேன். அதைக் காலால் தட்டிப் பார்த்தான்.

"எனக்கு எதுக்கு விறகு? நான் எண்ணெய் அடுப்புக்கு மாறி ரெண்டு வருஷமாச்சு."

"அப்போ என்ன வேணும்?"

"என் வீட்டுக் கழிவுத் தொட்டி ரொம்பிடுச்சு. மூடி எங்கே இருக்குன்னு தெரியலை. சமையலறை ஜன்னலுக்கும் ஆப்பிள் மரத்துக்கும் நடுவுல எங்கேயோ. தோண்டிக் கண்டுபிடிக்கணும்."

"டேய், நாலடி ஆழம் இருக்கும்டா."

"அஞ்சுன்னு எங்க அப்பா சொல்வார்."

லவான் விறகு அடுக்குக்குப் பின்னாலிருந்து சிரித்தாள். "உன் தோளு, டெல்மரோட தொட்டி. ரெண்டும் ஒரே வயசு."

அந்த வாரமே மண் உறைந்துவிட்டது. கடப்பாரை போட்டால் பொறி பறந்தது. வசந்தத்தில் பார்க்கலாம் என்று டெல்மரே சொன்னான், அதுவரை கக்கூஸுக்குக் கொஞ்சம் அளவாகப் போய்க்கொள்கிறோம் என்றும் சொன்னான். அடுப்பில் டாமரக் வெடித்துக்கொண்டிருக்கிறது. வீடு சூடாக இருக்கிறது. டெல்மருக்கு நான் ஒரு கழிவுத் தொட்டி தோண்டக் கடன்பட்டிருக்கிறேன்.